கையோடு போன கவர்

சீமைக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் கல்மண்டபம் பேட்டையில் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் எரிச்சல். எங்கள் தெருவில் துறைமுகத்தில் வேலை செய்யாத வீடே கிடையாது. காலையில் லண்டன் கப்பலுக்குத் தோல் கட்டு ஏற்றிவிட்டு மத்தியானம் வந்து கஞ்சி குடிக்கிறவர்களுக்கு லண்டன் என்ன பெரிய ஊரா? மீஞ்சூருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட, அங்கே யார் இருக்கிறார்கள், எதற்குப் போகிறாய் என்று நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். சீமை என்றதும், சரி போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, அடியில் இருக்கிற சரக்கறைக்கு மூட்டைகளை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது, சம்பளம் வாங்கும்போது பெருவிரலைத்தான் உருட்டுவார். ஆனால் மூட்டை மேல் மையால் அச்சடித்திருக்கும் ஊர்ப் பெயர்களை உருவத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் தவறாக ஒரு மூட்டையை ஏற்றினார் என்று யாரும் சொன்னதில்லை. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய பரிசுப் புத்தகங்களையெல்லாம் அவர் அடிக்கடி எடுத்துத் துடைத்து வைப்பார். தலைகீழாகத்தான் வைப்பார், அது வேறு விஷயம்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, படித்த கல்லூரியிலேயே சோதனைக்கூடத்தில் உதவிக்கு இருந்தேன். எங்கள் பேராசிரியை ஒரு வெள்ளைக்காரம்மா. ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் எனக்காக இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். நம் நாட்டிலிருந்து ஒரே ஒரு மாணவிக்கு அங்கே இடமும் சாப்பாடும் விடுதியும் தருவார்களாம். அந்த ஒன்று எனக்குக் கிடைத்தது. மே மாதக் கடைசியில் கடிதம் வந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. தேதி தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த வருஷம் அந்த இடம் வேறு நாட்டுக்கு.

படிவம் என்றால் அடேயப்பா, அப்படி ஒரு படிவம். என் உயரம் கேட்டான், என் பாட்டனார் பிறந்த ஊர் கேட்டான், எனக்குக் காசம் இல்லை என்று டாக்டர் கையெழுத்துக் கேட்டான். பாஸ்போர்ட்டுக்கு ஜாமீன் நிற்க ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் பெரிய மனிதர் என்றால் ஆறடி உயரமான ஆள்தான் உண்டு. கடைசியில் மாதா கோயில் சாமியாரே கையெழுத்துப் போட்டார். எல்லாம் கூடி வர ஜூன் பாதி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டிய அன்றைக்குத்தான் எனக்கு அம்மை ஊசியும் காலரா ஊசியும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். கை வீங்கி, காய்ச்சல் அனலாக அடித்தது, எழுந்து நிற்க முடியவில்லை.

துறைமுகத்துக்குப் போகிற வழியில்தான் பெரிய தபாலாபீஸ். நைனா தானே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றார். ஏர் மெயில், ரிஜிஸ்தர், ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். அவரும் மூன்று தடவை தலையை ஆட்டினார். அந்தக் கவரை அவர் தன் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு போனதைப் பாயில் படுத்தபடி பார்த்தேன்.

சாயங்காலம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ரசீது எங்கே என்றேன்.

"ரசீது இன்னாத்துக்கு? ரசீது குட்க்கிறவன் கையில நான் ஏன் குட்க்கறேன்? மனுசன் கையில குட்த்துகீறேன். நேரா உன் காலேஜ் வாசல்ல கொண்ணுபோய்க் குட்த்துருவாரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முக்கியமான எதையும் தபாலில் அனுப்ப மாட்டார்கள். ரங்கூனில் மகன் இருந்தால் அவனுக்கு மூக்குக்கண்ணாடி, ஜெபமாலை, கல்யாணப் போட்டோ எல்லாமே கப்பல்காரர் யாராவது ஒருவர் கையோடுதான் போகும். சண்டைக் காலத்தில், குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியான வருஷம், ரங்கூனிலிருந்த என் மாமாவிடமிருந்து தபால் நின்றுபோய் மாதக்கணக்கில் ஆயிற்று. அம்மா கறுப்புச் சேலை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற நேரத்தில் ஒரு கப்பல் கலாசி வீடு தேடி வந்து, மாமா எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். உயிரோடு இருக்கிறேன் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து நைனாவுக்குத் தபால்காரர் என்றால் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிற ஆள் மாதிரி. கப்பல்காரர் என்றால் உறவு.

அவர் கவரைக் கொடுத்தது ஒரு கோவாக்காரரிடம். லண்டன் போகிற சரக்குக் கப்பலில் பட்லர். பத்து வருஷமாகத் தெரிந்த மனிதர். கப்பல் வரும்போதெல்லாம் எங்கள் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான். அந்தக் கப்பலில் லண்டனுக்குத் தோல் கட்டு ஏற்றியதே நைனாதான். அவர் கண்ணால் பார்த்து ஏற்றிய சரக்கு லண்டன் போகிறது, அதே கப்பலில் என் கவரும் போகிறது, இதற்குமேல் என்ன பத்திரம் வேண்டும் என்பது அவர் கணக்கு. கப்பல் அன்று மத்தியானமே புறப்பட்டுப் போய்விட்டிருந்தது.

எந்த வழியாகப் போகிறது என்று கேட்டாயா என்றேன். அவர் விழித்தார். முப்பது வருஷம் கப்பலிலேயே நின்ற மனிதருக்குக் கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டியதும் என்ன செய்யும் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்தார். முதலில் கல்கத்தா. அங்கே சணலுக்காக நிற்கும். பிறகு எங்கே சரக்குக் கிடைக்கிறதோ அங்கே. கொழும்பு, ஏடன், சூயஸ், பிறகு பிரான்சிலும் ஜெர்மனியிலும் நாலு துறைமுகம். கடைசியில்தான் லண்டன்.

எனக்குக் காய்ச்சல். அதைச் சாக்குச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். நான் வாய்க்கொழுப்பு உள்ளவள். "கைநாட்டுக்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தப் பார்த்தாள். நைனா வெளியே போய் வாசற்படியில் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். அவர் ஏதாவது கேட்டால் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்லுவேன், அல்லது சொல்ல மாட்டேன். ஒரே அறை வீட்டில் ஏழு வாரம், எட்டு வாரம் ஒருத்தரோடு பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும் தெரியுமா? எனக்கு அது தாராளமாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு நானே ஏர் மெயிலில் எழுதினேன். சான்றிதழ்கள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. பதில் மரியாதையாகத்தான் வந்தது. ஆகஸ்ட் கடைசி நாள் வரைக்கும் பொறுப்போம், அதற்குமேல் முடியாது, அசல் சான்றிதழ்களைக் குழு பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். நகல் வாங்கலாம் என்று சான்றிதழ் கொடுத்த ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த குமாஸ்தா, அசல் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். தொலையவில்லை, கப்பலில் இருக்கிறது என்றேன். அப்படியானால் நகல் எதற்கு என்றார். அவர் கேட்டது நியாயம்தான். சரி, தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். தொலைந்ததென்றால் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியப் பத்திரம், பத்திரிகையில் விளம்பரம், ஆட்சேபணைக்கு அவகாசம், எல்லாம் முடிய நாலு மாதம் ஆகும் என்றார். டிராமில் திரும்பி வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த மீன்காரம்மா இன்னாமே, ஊட்டுக்காரன் அட்ச்சானா என்று கேட்டாள்.

இதில் எதையும் நான் வீட்டில் சொல்லவில்லை. கெடுவை நீட்டித்தது, நகல் கிடைக்காதது, ஆகஸ்ட் கடைசி நாள், எதையுமே. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நைனா தவிக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை. அம்மா ஒருநாள் தோண்டித் துருவிக் கேட்டபோது, கவரைப் பற்றித்தான் கவலை என்று மட்டும் சொன்னேன். அம்மா அதை அப்படியே நைனாவிடம் சொன்னாள். பாவம், அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆகஸ்ட் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்கு நைனா வரவில்லை. விடியற்காலையிலேயே எழுந்து எங்கேயோ போய்விட்டிருந்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் ஞாயிறு பூசையை விட்டதில்லை. அம்மா கோயிலில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் திரும்பி வந்து உலை வைத்த பிறகுதான் வந்தார். வேட்டி முழங்காலுக்குமேல் நனைந்து, உப்புப் பூத்து, தலைமுடி சிலுப்பிக்கொண்டு நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்து, எட்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பாப்பா, உன் கவரு பத்திரமா கீது. மெழுகுச் சீலைல சுத்திப் பெட்டில வெச்சிகீறாரு. மேலருந்து தூக்கிக் காட்னாரு. ஒரு பொட்டு ஈரம் படல. என் கண்ணால பாத்துட்டு வந்தேன், நீ கவலப்படாத."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். அந்தக் கப்பல் கல்கத்தாவில் ஒரு மாதத்துக்குமேல் கிடந்துவிட்டு, இங்கே இன்னும் கொஞ்சம் தோல் கட்டு ஏற்றுவதற்காக வெள்ளிக்கிழமை திரும்பி வந்திருக்கிறது. உள்ளே இடமில்லை என்று வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்க வைத்திருக்கிறார்கள். இடம் கிடைக்காது போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையே கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சனிக்கிழமை துறைமுகத்தில் பேசிக்கொண்டார்களாம். அதனால் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய், தெரிந்த மீன்காரர் ஒருவரைக் கெஞ்சி, படகில் அவ்வளவு தூரம் போய், கப்பலடியில் நின்று கத்திக் கூப்பிட்டு, பட்லரைக் கம்பியோரம் வரவழைத்திருக்கிறார். என் கவர் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பதற்காக.

அன்றைக்கு ஆகஸ்ட் முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஏர் மெயில் போய்ச்சேர எட்டு நாள், அதிகம் போனால் பத்து நாள்.

"பாத்தியா? அவுரு கையில வெச்சிருந்தத பாத்துட்டு, வாங்காம வந்தியா?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

நைனா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாங்கணுமா?" என்றார். "நீ வாங்கினு வான்னு சொல்லவேயில்லயேமா."

அவர் சொன்னதில் குற்றம் ஒன்றும் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. மேஸ்திரி இறக்கு என்று கை காட்டாமல் எப்படி மூட்டையை இறக்குவது என்று கேட்கிற மாதிரி, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.  ஆகஸ்ட் கடைசி நாள், ஏர் மெயில், எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார்.

நானும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை உடுத்திய நல்ல சேலையோடு, செருப்பில்லாமல், தெருவே பார்க்க ஓடினேன். காசிமேட்டில் அந்த மீன்காரர் படகைக் கரைக்கு இழுத்துவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்தார். மறுபடியுமா என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படகைத் தள்ளினார். காற்று திரும்பிவிட்டிருந்தது. அலை இரண்டு தடவை படகைத் திருப்பிக் கரையில் போட்டது. மூன்றாவது தடவை தாண்டிப் போனார்கள்.

கரையில் நின்றிருந்த எனக்குக் கப்பல் தெரிந்தது. சின்னதாக, கறுப்பாக, மஞ்சள் புகைக்குழாயோடு, வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்குள் ஒரு பெட்டியில் என் சான்றிதழ்கள் இருந்தன. மாதாவே, இன்னும் அரை மணி நேரம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே புகை கறுத்தது. கப்பலின் முகம் மெல்லத் தெற்கே திரும்பியது. படகு அப்போது பாதித் தூரம்கூடப் போகவில்லை.

கப்பல் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. நைனா துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தார் என்று மீன்காரர் பிறகு சொன்னார். போதும் வா, எஞ்சினோட போட்டி போட முடியுமா என்று தான் துடுப்பைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினாராம். கரைக்கு வந்து இறங்கியபோது உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

கப்பல் கொழும்பில் நிற்கும், கவரை அங்கிருந்து ஏர் மெயிலில் போடும்படி பட்லருக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் கழித்து யாரோ சொன்னார்கள். கப்பல் கம்பெனி ஏஜெண்டு மூலமாகத் தந்தி அடித்தேன். தந்தி போய்ச்சேர்வதற்குள் கப்பல் கொழும்பையும் விட்டுப் போய்விட்டிருந்தது. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி சோதனைக்கூடத்தில் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட உடைக்கவில்லை. அன்றைக்கு அவ்வளவு நிதானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து தடித்த கவர் வந்தது. சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே இருந்தன, மடங்காமல், கறைபடாமல். கூடவே ஒரு கடிதம். நைனா அன்று இரண்டாவது ஷிப்டு, வீட்டில் இருந்தார். இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

கப்பல் சிப்பந்தி ஒருவர் தன் விடுமுறை நாளில் லண்டனிலிருந்து ரயிலேறி வந்து, மழையில் வாசலில் காத்திருந்து, அலுவலரைத் தவிர வேறு யாரிடமும் தர மாட்டேன் என்று சொல்லி உறையை நேரில் ஒப்படைத்தார் என்று எழுதியிருந்தது. அதைக் கேட்டதும் நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லல? அவுரு அப்டிதான்" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தாமல் அடுத்த வரியையும் சொன்னேன். இடம் செப்டம்பரிலேயே வேறொருவருக்குத் தரப்பட்டுவிட்டது. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். அவ்வளவுதான் கடிதம்.

 நைனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னாலதான் போச்சா, பாப்பா?" என்றார்.

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். இல்லை நைனா, ஜூன் மாதம் நீ செய்ததை ஆகஸ்டில் நீயே சரி செய்திருப்பாய், நான்தான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.  அம்மாவும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தை மடித்துக் கவரில் போட்டேன். சான்றிதழ்களை எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நைனா பதினான்கு வருஷம் இருந்தார். நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். மீன் விலை, மழை, திருவொற்றியூரில் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூட வேலை, எல்லாம் பேசினோம். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை. நான் பேசாமல் இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார்.